நிலத்தடி ஸ்டேஷனுக்கு எத்தனை வாசல்

மகள் லண்டனில் ரயில் ஸ்டேஷன் ஒன்றில் வேலை செய்கிறாள் என்பது வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் முழுவதற்கும் தெரியும். அந்த ஸ்டேஷன் நிலத்துக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டும் என் மனைவிக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

மனைவி எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்துக் கார் பார்க்கில்கூடக் கால் வைக்கமாட்டாள். யாழ்ப்பாணத்தில் யுத்த நாளில் சிறுமியாகப் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் கிடந்தவள். ஒருநாள் ஷெல் விழுந்து மண் சரிந்து வாசல் மூடிக்கொண்டது. அவளுடைய தகப்பன் இன்னொரு வாசலும் வைத்து வெட்டியிருந்ததால், அதன் வழியே தவழ்ந்து வெளியே வந்தார்கள். பக்கத்து வளவுப் பங்கருக்கு ஒரே வாசல்தான். அதிலிருந்து ஒருவரும் வரவில்லை. இதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கிண்டியதில்லை.

"நாளைக்கே வேலையை விட்டிடு, பிள்ளை," என்றாள்.

மகளும் லேசில் மசிகிறவள் அல்ல. "அம்மா, அந்த ஸ்டேஷன்ர கதையை ஒருக்காக் கேளுங்கோ," என்று தொடங்கினாள்.

முன்பு உலக யுத்தத்தில் அந்த நகரத்தின் மேல் விமானங்கள் குண்டு போட்டபோது சனம் ஸ்டேஷனுக்குள் ஓடியிருக்கிறது. படுக்க விடமுடியாது என்று முதலில் மேலிடம் மறித்ததாம். சனம் விட்டதா? ஆகக் குறைந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பாயும் தலையணையுமாக இறங்கி, மேலே வராமலே இருந்துவிட்டது. பிறகு மேலிடமே கட்டில் போட்டுக் கொடுத்தது. ரயிலிலேயே தேநீரும் வந்தது. விடிந்ததும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஏற, அதே மேடைக்கு ரயில் வந்து நின்றது. கேட்கக் கேட்க எனக்கு அந்த ஸ்டேஷன் மேல் மரியாதை வந்துவிட்டது. ஊரைச் சுமக்கவும் தெரியும், ஊரை ஒளித்து வைக்கவும் தெரியும். இப்படி ஒன்றைக் கட்டியவன் கையில் முத்தம் கொடுக்கலாம்.

மனைவிக்கு அந்த வியப்பெல்லாம் இல்லை. பங்கரில் இருந்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய கேள்விகளாகக் கேட்டாள்.

"மேல பனைமரக் குத்தியோ போட்டிருக்கு?"

"இல்லை அம்மா, இரும்பும் கொங்கிரீட்டும்."

"மழைக்குத் தண்ணி நிக்காதோ?"

"மெசின் இழுத்துப் போடும்."

அந்த நேரம் பார்த்துக் கடலோர ரயில் தடதடத்துக்கொண்டு போனது. எங்கள் ஜன்னலருகே ரயில் போனால் கதை கேளாது. மூவரும் பொறுத்திருந்தோம். சத்தம் அடங்கியதும் மனைவி ஃபோனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"வாசல் எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டும் திறந்தோ கிடக்கும்?"

"விடிய ஸ்டேஷன் திறக்கேக்கை நான்தான் ரெண்டையும் போய்ப் பார்க்கிறனான், அம்மா. ஒண்டு பூட்டிக் கிடந்தாலும் சனத்தைக் கீழ விடமாட்டன்."

மனைவி அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. மகளை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"எங்கட அப்பாவும் விடிய எழும்பினா, முதல்ல ரெண்டு வாசலையும்தான் போய்ப் பார்க்கிறவர்," என்றாள். "வேலையை விட்டிடாத, பிள்ளை."