தரவையில் பிடுங்கிய கட்டைகள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை கட்டைகள். தரவைக்குப் போகும் மண் வீதியில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. அதன் சீமெந்துக் கட்டில் விறகு அடுக்குவதுபோல அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். முழங்கால் உயரம், ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்புப் பூச்சு, அடியில் ஈரம் காயாத சாம்பல் நிற மண்.

சில வருடங்களுக்கு முன், கண்டாவளைப் பக்கம், ஒரு புரட்டாதி மாதம் நடந்தது இது. நான் அப்போது ஒரு பத்திரிகைக்கு அந்தப் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். விடியும் முன்பே என்னைக் கைபேசியில் அழைத்தவர் அங்குள்ள கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் தலைவி. ஐம்பதைத் தாண்டியவர். பால் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

"தம்பி, கமராவோட வாங்கோ. காணி பிடிக்க வந்தவையின்ர கட்டையெல்லாத்தையும் புடுங்கிப்போட்டம்" என்றார். குரலில் ஒரு வெற்றி இருந்தது.

தரவை என்பது கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கும் திறந்த புல்வெளி. மாரியில் தண்ணீர் நிற்கும். கோடையில் நிலம் வெடிக்கும். வெளியூர்க்காரருக்கு அது ஒன்றுமில்லாத இடம். மாரிக்கு நெல் விதைக்கும் காலபோகம் தொடங்கினால் வயல் பக்கம் மாடு தலைகாட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அறுவடை முடியும்வரை ஊர் மாடுகள் எல்லாவற்றுக்கும் போக்கிடம் இந்தத் தரவைதான்.

அந்த வருடம் அரசாங்கத்தின் மரநடுகைத் திட்டம் ஒன்று அங்கே வந்திருந்தது. தரவை முழுவதையும் கம்பி வேலியால் அடைத்து மரம் நடுவது. மாடு மேய்ந்து அழிந்த காட்டை மீட்பது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டிருந்தது. வேலி வந்தால், விதைப்புக்கு முன் மாடுகளை விற்பதைத் தவிர சங்கத்தாருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கு முன்னால், தரவையின் நடுவில் திடீரென்று சிவப்பு முனைக் கட்டைகள் முளைத்திருக்கின்றன. போர் முடிந்து மீள்குடியேறிய காலத்திலிருந்தே ஊருக்கு இந்த வரிசை தெரியும்: முதலில் கட்டை, பிறகு கல், பிறகு பெயர்ப்பலகை, பிறகு வழக்கு. முதல்நாள் பின்னேரம் மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு எல்லோருமாகப் போய்ப் பிடுங்கியிருக்கிறார்கள்.

தலைவியும் சங்கத்தாரும் சுற்றி நிற்க, நான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மரநடுகைத் திட்ட உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். யாரோ அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆர் புடுங்கினது?"

சங்கத்துக்குப் பால் சேர்க்கும் அண்ணர் ஒரு அடி முன்னே வந்தார். "உண்ணாணைச் சொல்லுறன் சேர், நான் ஒரு கிழமையா இந்தப் பக்கமே வரேல்லை."

"அப்ப கட்டை தானா நடந்து வந்து மதகில ஏறினதோ?"

"மாடு இடறி விழுத்தியிருக்கும் சேர்."

"மாடு அடுக்கியும் வைச்சதோ?"

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டியில் ஒரு இளம்பெண் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றி முக்காட்டைச் சரிசெய்தார். ஸ்கூட்டியின் பின்னால் தண்ணீர்க் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம் கட்டியிருந்தது. கட்டைகளைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. மதகின் மறுபக்கக் கட்டில் மெதுவாக உட்கார்ந்தார்.

தலைவி அவரை உற்றுப் பார்த்தார். "நீர் குருவி பாக்கிற பிள்ளையெல்லே?"

"ஓம் அம்மா."

"கட்டை உம்மடையோ?"

"ஓம்."

தலைவியின் கை வாய்க்குப் போனது.

அந்தப் பெண் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர். இரண்டு வருடங்களாக மாரியிலும் கோடையிலும் தரவைக்கு வந்துபோனவர். தொலைநோக்கியோடு நடப்பதால் ஊருக்கு அவர் குருவி பார்க்கிற பிள்ளை. பறவைகளைப் பார்ப்பதோடு, ஒவ்வொரு கட்டைக்கும் அருகில் அந்தச் சட்டத்தை வைத்து, அதற்குள் என்னென்ன புல் எவ்வளவு நிற்கிறது என்றும் எண்ணுவார். முன்பு அடையாளத்துக்கு அடித்தவை சின்ன முளைக்குச்சிகள். போன மாரியில் பல சேற்றுக்குள் புதைந்துவிட்டன. அதனால்தான் இம்முறை எஞ்சிய முளைகளைத் தேடிப் பிடுங்கி, அதே இடங்களில் உயரமான கட்டை நட்டு, தூரத்தில் தெரியச் சிவப்புப் பூசியிருக்கிறார். அந்தச் சிவப்பு ஊருக்கு என்ன சொல்லும் என்று அவர் யோசிக்கவில்லை.

"பொலிசில ஒரு முறைப்பாடு போடுங்கோ மிஸ்" என்றார் உத்தியோகத்தர். "ஆக்களை நான் காட்டுறன்."

அவர் தலையசைத்து மறுத்தார். "வேணாம் சேர். எங்கட வாப்பா இடம்பெயர்ந்து இருந்துட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த நேரம் எங்கட காணிக்குள்ளயும் இப்பிடித்தான் கட்டை நிண்டிச்சு. வாப்பாவும் புடுங்கித்தான் எறிஞ்சார்."

அதற்குப் பிறகு உத்தியோகத்தருக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை. "மேலயிருந்து வந்த திட்டம், நான் என்ன செய்ய" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் நிலைமையின் பாரம் எல்லோருக்கும் விளங்கத் தொடங்கியது. அடுத்த வாரம் பிரதேச அலுவலகத்தில் வேலி பற்றிய முடிவுக் கூட்டம். தரவை உண்மையில் அழிந்த காடுதானா, மாடு அதைக் கெடுக்கிறதா என்பதற்குக் கணக்கோடு பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்தப் பெண். இந்தக் கோடை எண்ணிக்கையையும் அதே இடங்களில் எடுத்தால்தான் முந்தியவற்றோடு ஒப்பிட முடியும். அவரிடமிருந்த ஜி.பி.எஸ். கருவி காட்டும் இடம் சில மீற்றர் பிசகும். அவருடைய சதுரமோ ஒரு கதிரை வைக்கும் அளவுதான்.

தலைவி நேராகக் கேட்டார். "பிள்ளை, உம்மட கணக்கு எங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?"

"இன்னும் தெரியாது அம்மா. எண்ணி முடிச்சாத்தான் சொல்லலாம்."

"எங்களுக்கு எதிரா வந்தா?"

"வந்தா அதையும்தான் சொல்லுவன்."

நான் பேனையை மூடிவிட்டு நின்றேன். ஒரு இளைஞன் தாழ்ந்த குரலில், "அப்ப இடம் தேடிக் குடுக்க ஏன் நாங்கள் மினக்கெடுவான், விடுங்கோ அன்ரி" என்றான். தலைவி தெற்குப் பக்கம் பார்த்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கட்டை இழுத்த குழி கிடக்குமெல்லே?" என்றார். "ஒரு மழை விழுந்தா மண் ஊதி மூடிப்போடும். எழும்புங்கோ எல்லாரும். ஆர் ஆர் எங்கெங்க புடுங்கினதோ, அங்கங்க போய் நில்லுங்கோ."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. குழியைக் காட்டுவது பிடுங்கியதை ஒப்புக்கொள்வது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கமராவையும் பார்த்தார்கள். அதைப் பைக்குள் வைத்தேன்.

முதலில் நடந்தவர் பால் சேர்க்கும் அண்ணர். ஒரு கிழமையாக அந்தப் பக்கமே வராதவர், அங்குமிங்கும் பாராமல் நேராக நடந்து போய் வெளியின் நடுவில் நின்றார். "இதில ஒண்டு." பிறகு பத்தடி தள்ளி, "இதில ஒண்டு."

"வராத ஆளுக்கு எப்பிடி அண்ணை இடம் தெரியுது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"மணத்தில பிடிச்சனான். நீ வந்து உன்ர குழியைக் காட்டு."

அதோடு கூச்சம் உடைந்தது. காணாமல் போன கன்றைத் தேடுவதுபோல வரிசையாகப் பிரிந்து, குனிந்தபடி தரவை முழுவதும் நடந்தார்கள். வெடிப்புக்கும் குழிக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது எளிதல்ல. இரண்டு பேர் ஒரே குழிக்குச் சண்டை பிடித்தார்கள். ஒருவர் எலி வளைக்குள் கட்டையை நட்டுவிட்டு, அது ஆழமாகப் போகிறது என்று ஆச்சரியப்பட்டார். ஆய்வாளர் ஒவ்வொரு இடத்துக்கும் ஓடிப் போய்த் தன் கருவியோடும் பழைய படங்களோடும் சரிபார்த்தார். ஒரு குழிக்குள்ளிருந்து மண்ணைக் கிள்ளி எனக்கும் தந்தார். நாக்கில் வைத்தேன். ஒரு சாண் ஆழத்து மண், கடல் தண்ணீர் போலக் கரித்தது.

ஊருக்கு அருகில் உள்ள மூலையில் மட்டும் குழி இருந்தது, கட்டை இல்லை. அடுக்கிலும் தேடிப் பார்த்தார்கள். "ஆராவது அடுப்புக்குக் கொண்டுபோயிருப்பினம்" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பனைமட்டையைச் சீவி அந்தக் குழியில் நட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மழை கொட்டியது. அடுத்த நாட்களில் ஆய்வாளர் சேற்றில் கால் புதையத் தன் எண்ணிக்கையை முடித்தார்.

கூட்டத்துக்கு நானும் போனேன். பின்வரிசையில் தலைவியும் சங்கத்தாரும் இருந்தார்கள். ஆய்வாளர் அலங்காரம் இல்லாமல் பேசினார். தரவையின் பெரும் பகுதியில் காடு இருந்ததற்கு அடையாளம் இல்லை. அது புல்வெளியாகவே இருந்து வந்த நிலம், கீழே உப்பு. முன்பு ஓரமாக ஒரு துண்டை அடைத்து நட்ட மரக்கன்றுகள் எல்லாம் பட்டுவிட்டன; மாடு நுழையாத அந்தத் துண்டில் உயரமான பற்றை மூடியதால், மாரியில் வரும் வலசைப் பறவைகள் அங்கே இறங்குவதில்லை. மாடு மேய்கிற குட்டைப் புல்லில்தான் அவை இரை தேடுகின்றன. மரம் நட வேண்டிய இடம் வேறு: பழைய அடிக்கட்டைகள் இன்னும் நிற்கும் ஓடைக்கரை.

பின்வரிசையில் சிரிப்பு எழும்பியது. அவர் நிறுத்தவில்லை.

"ஊருக்குக் கிட்ட இருக்கிற மூலைய மாடுதான் கெடுத்திருக்கு. அங்க நல்ல புல் ஒண்டும் மிச்சமில்ல. சில மாரிக்கு அத மூடி வைக்கணும்."

அந்த மூலை, தலைவியின் மாடுகள் மத்தியானத்தில் படுக்கிற இடம். மாடுகள் தண்ணீர் குடிக்கும் மடுவுக்கும் வீட்டுக்கும் கிட்ட. பால் கறக்க அவர் நடக்க வேண்டிய தூரம் குறைவு. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வாசலில் தலைவி ஆய்வாளரை மறித்தார். "பிள்ளை, கட்டை நட்டுத் தந்தம். அந்த ஒண்டை நீர் சொல்லாமல் விட்டிருக்கலாமெல்லே?"

"அத மறைச்சா மற்றதையும் ஆரும் நம்ப மாட்டாங்க அம்மா."

தலைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கோபமா களைப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, "கந்தோர் ஆக்கள் போடுற வேலி வேண்டாம். அந்த மூலையை நாங்களே அடைக்கிறம்" என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

தரவை வேலித் திட்டம் முதலில் ஒத்திவைக்கப்பட்டது; பிறகு ஓடைக்கரைக்கு மாற்றப்பட்டது. அங்கே நட்டவற்றில் பாதிக்குக் கிட்டத் தப்பியிருக்கின்றன என்று பின்னர் அறிந்தேன். அந்த வருடம் மாடுகள் விற்கப்படவில்லை. மூலையைச் சங்கத்தார் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு அடைத்தார்கள். கூட்டங்கள், திட்டங்கள், திறப்பு விழாக்கள் என்று எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். ஆனால் யாருக்குச் சாதகமாக முடியும் என்று தெரியாத ஒரு கணக்குக்காக, இழக்க இருந்தவர்களே மழையை முந்திக் குனிந்து குழி தேடியதை அதற்கு முன்பும் நான் கண்டதில்லை, பின்பும் காணவில்லை. நிலத்தைப் பற்றி எவர் உறுதியாகப் பேசினாலும் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த நடை.

போன தைப்பொங்கலுக்குத் தலைவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டுக் கொட்டிலின் வாசலில் ஒரு சிவலைக் கன்று கட்டியிருந்தது. அது கட்டியிருந்த கட்டை முழங்கால் உயரம். முனையில் சிவப்புப் பூச்சு பாதி உரிந்திருந்தது.