ஹார்லனின் மஞ்சள் சாக்ஸ்

என் தம்பி ஹார்லன் கோவாரிக்குக்கு இந்த உலகத்தில் கொள்கை என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். பேஸ்பால் ஆடுகிறவர்கள் பேன்ட்டை முட்டிக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, சாக்ஸ் முழுவதையும் ஊர் பார்க்கக் காட்ட வேண்டும். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதைச் சாவடி வாசல் வரைக்கும் மாற்றிக்கொண்டே போவான். கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டான், மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாக்ஸ் விஷயத்தில் மட்டும் உடும்புப்பிடி.

முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் ஹேசல் பெண்டில் தபால் கொடுத்தான். நெப்ராஸ்காவின் ஜனவரிப் பனியிலும் அரைக்கால் சட்டைதான் போடுவான், கெண்டைக்காலைப் பற்றி அவ்வளவு கர்வம். ஊர்ப் பிள்ளைகளின் பேஸ்பால் அணிக்குப் பத்தொன்பது வருஷமாக அவன்தான் கோச். எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வாண்டுகள். மைதானத்தில் ஓடுகிறவர்கள் தொட வேண்டிய மூன்றாம் தளத்துக்கு நேர் பின்னால், ஹாட் டாகும் ஜாம் வைத்த கொலாச்சி பன்னும் விற்கிற ஜன்னல் என்னுடையது. அதனால் நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது.

பத்தொன்பது வருஷமும் ஜூலை மாதக் கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர் ப்ளம் ஃபோர்க்கிடம் தோற்றான். காரணம் எனக்குத் தெரியும், அவனிடம் சொல்லியும் இருக்கிறேன். பயந்தாங்கொள்ளி. மூன்றாம் தளத்தின் பக்கத்தில் நின்று ஓடுகிற பிள்ளைக்குச் சைகை காட்டுவது அவன் வேலை. தொப்பியைத் தொட்டால் நில். பெல்ட்டைத் தொட்டால் நில். காதைத் தொட்டால் யோசி, யோசித்துவிட்டு நில். துணிச்சலாக இருப்பது ஒரே சைகை. குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டால், பந்து வருவதற்குள் கடைசித் தளமான வீட்டுத் தளத்துக்கு ஓடிப் புள்ளியைத் திருடு என்று அர்த்தம். அதை அவன் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை.

இருபதாவது வருஷ வசந்தத்தில் வந்தது வினை. டெலேனி என்று ஒரு பெண், அணியிலேயே கெட்டிக்காரி, வாயும் அப்படித்தான். அவளும் மற்றவர்களும் பேன்ட்டை ஷூ மூடும்படி தொங்கவிட்டு, குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்து நின்றார்கள்.

"என்ன இது, தரையைப் பெருக்கவா வந்திருக்கீங்க?" என்றான் ஹார்லன்.

"இப்ப எல்லாரும் இப்படித்தான் கோச் போடறாங்க. உங்களைப் பார்த்தா பழைய போட்டோவுலேர்ந்து எறங்கி வந்த மாதிரி இருக்கு."

"முட்டி தெரிஞ்சாத்தான் அம்பயருக்குத் தாழ்ந்த பந்து எதுன்னு தெரியும். பேன்ட்டு இப்படித் தொங்குனா உன் முட்டி எங்க இருக்குன்னு உங்கம்மாவுக்கே தெரியாது."

"அப்ப ஓட்டு எடுத்துரலாமா கோச்?"

அணி முழுக்க ஒரே மாதிரிதான் போட வேண்டும், கோச் உட்பட, என்பது அவனே வைத்த சட்டம். ஓட்டு பன்னிரண்டுக்கு ஒன்று. சொந்தச் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டு, புதுப் பேன்ட்டோடு என் சமையலறை முக்காலியில் ஏறி நின்றான்.

"அக்கா, கொஞ்சம் தூக்கித் தையேன்."

"தோத்தவனுக்கு என்னடா தூக்கித் தைக்கிறது? சும்மா நில்லு."

வேண்டுமென்றேதான் இரண்டு விரற்கடை கூட விட்டேன். பத்தொன்பது வருஷப் பிரசங்கத்துக்கு அது என் பதில். அவனும் லேசுப்பட்டவனில்லை. உள்ளே முட்டி வரைக்கும் அதே மஞ்சள் சாக்ஸைப் போட்டுக்கொண்டான்.

சாக்ஸ் மறைந்துவிட்டதால் சைகையையும் மாற்ற வேண்டி வந்தது. "பேன்ட்டைத் தூக்கி மஞ்சளைக் காட்டினா, வீட்டுக்கு ஓடணும். புரிஞ்சுதா?"

"அதை எதுக்கு கோச் சொல்லித் தர்றீங்க?" என்றான் அணியிலிருந்த எம்மெட் ரூசிக்கா. "நீங்கதான் காட்டவே மாட்டீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூனில் ஒரு நாள் ஹார்லன் என் ஜன்னலோரம் வந்து நின்றான். "இந்த ஜூலையும் தோத்தா போதும்க்கா. விட்டுடறேன்."

விட்டால் கோடை முழுக்க என் வீட்டில் உட்கார்ந்து முட்டைக்கோஸை எப்படி வேகவைப்பது என்று எனக்குப் பாடம் நடத்துவான். அது ஒரு பக்கம். தபால் வேலையும் போய் இதுவும் போனால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவன் கையில் ஒரு கொலாச்சியைத் திணித்தேன்.

ஜூலையும் வந்தது, ப்ளம் ஃபோர்க்கும் வந்தது. நாலுக்கு நாலு. கடைசிச் சுற்றில் மட்டை எங்கள் பக்கம். ஒரு புள்ளி எடுத்தால் ஜெயித்துவிடுவோம். டெலேனி மட்டையோடு நிற்கிறாள். மூன்றாம் தளத்தில் எம்மெட். தங்கமான பிள்ளை, ஆனால் ஓட்டத்தில் ஆமை. என் ஜன்னலைப் பார்த்து வரும்போது மட்டும் கொஞ்சம் வேகம் இருக்கும்.

ஹார்லன் தொப்பியைத் தொட்டான். பெல்ட்டைத் தொட்டான். அது போதாதென்று காதையும் தொட்டான். அப்புறம் ஓர் அடி பின்னால் வைத்தான். நான் கூட விட்ட இரண்டு விரற்கடை அவன் ஷூவின் அடி முள்ளில் சிக்கியது. தள்ளாடி, விழாமல் இருக்க இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்து முட்டி வரை தூக்கிவிட்டான். பளீரென்று மஞ்சள்.

எம்மெட் அதைப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தான். பிறகு ஓடினான்.

"நில்லுடா! டேய், நில்லு!" என்று ஹார்லன் கத்தியது ஊர்க் கூச்சலில் எங்கேயோ போய்விட்டது. ப்ளம் ஃபோர்க்கின் பந்தெறிபவனோ குனிந்து, குதிகாலில் மாட்டிய தன் பேன்ட்டை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, பதறி, பந்தை எறிந்தான். அது பிடிப்பவன் தலைக்கு மேலே போனது. எம்மெட் வயிற்றால் சறுக்கித் தளத்தைத் தொட்டான். நான் கையிலிருந்த கடுகுச் சாஸை முழுவதும் என் மேலேயே பீய்ச்சிக்கொண்டேன்.

வாயெல்லாம் மண்ணோடு எம்மெட் ஓடிவந்தான். "கோச், இத்தனை வருஷமா யாருக்கும் காட்டாததை எனக்குக் காட்டுனீங்களே! நான் ஓடிருவேன்னு எப்படி நம்புனீங்க?"

ஹார்லன் வாயைத் திறந்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே காது சிவந்துவிடும். என்னைப் பார்த்தான். நான் ஜன்னலிலிருந்து முறைத்தேன்.

"சரியான ஆளு வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்டா" என்றான். இரண்டு காதும் தக்காளி மாதிரி ஆகிவிட்டன.

மறு வசந்தத்தில் ஓட்டே எடுக்கவில்லை. பன்னிரண்டு பேரும் தாங்களாகவே பேன்ட்டை முட்டிக்கு ஏற்றி, மஞ்சள் சாக்ஸ் தெரிய வந்து நின்றார்கள். எம்மெட் அதை இடுப்பு வரைக்கும் இழுக்காத குறை. பத்தொன்பது வருஷம் தொண்டை கிழியக் கேட்டது ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது என்று, அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்த ஹார்லனைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

அவன் கையில் நான் தைத்த அந்த நீளப் பேன்ட் இருந்தது. முக்காலியை அவனே இழுத்துப் போட்டு ஏறி நின்றான்.

"அக்கா, இன்னும் ரெண்டு விரற்கடை எறக்கி விடு. மறைச்சு வச்சாத்தானே தூக்கிக் காட்ட முடியும்."