பாண்டியம்மாளை அழித்த வரி

கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இனிமையாக எழுத எனக்கு வரவில்லை. நான் அதைக் கற்ற நாட்களை நினைத்தாலே இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. மேலூர் ரோட்டில், ஒத்தக்கடை தாண்டி உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடம் பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு, தலை நரைத்த பிறகு புரோகிராமிங் கற்றவள் நான். நான் அரைகுறையாகக் கற்றிருந்த சமயத்தில்தான், எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த பாண்டியம்மாள் என்ற பெண்ணை எங்கள் கம்ப்யூட்டர் அடியோடு அழித்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் அவர் பிழைத்திருக்க முடியாது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நட்சத்திர முக்கோணம்

ஆஸ்பத்திரியில் புதிதாக ஐ.டி. பிரிவு ஆரம்பித்தார்கள். அதற்குப் பொறுப்பாளராக வந்தவர் பிரதீப். என் மூத்த மகனைவிடச் சின்னவர். கவுன்ட்டர் வேலை தெரிந்த ஆள் ஒருவர் கூடவே வேண்டும் என்று என்னை அங்கே மாற்றினார்கள்.

"எஸ்தர் மேடம், புரோகிராமிங்ல பைத்தான் மட்டும் ஒரு மூணு மாசம் படிச்சிட்டு வந்துருங்க. ரொம்ப ஈஸி" என்றார் பிரதீப்.

திருநகரில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு ஸ்வீட் ஸ்டால் மாடியில் சென்டர் இருந்தது. சாயங்கால வகுப்பு. முதல் நாள் சார் வந்தார், போர்டில் ஒரு புரோகிராமை எழுதினார், "அப்படியே அடிங்க" என்றார். அடித்தோம். திரையில் நட்சத்திரக் குறிகள் முக்கோணமாக வந்து நின்றன. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகள் எல்லோருக்கும் முக்கோணம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு இடத்தில் ஸ்பேஸ் தவறி, சிவப்பு எழுத்தில் எரர் வந்தது.

"இந்த முக்கோணம் எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"இன்டர்வியூல கேப்பாங்கம்மா."

"எனக்கு இன்டர்வியூ இல்லையே சார். நான் வேலையிலதான் இருக்கேன்."

"அப்ப சும்மா அடிச்சுப் பாருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் தலைகீழ் முக்கோணம். அடுத்த வாரம் டைமண்ட். அதற்கப்புறம் பகா எண், பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுபோலவே வரும் வார்த்தை. இப்படியே ஒரு மாதம் போயிற்று. நட்சத்திரத்தை அடுக்கத்தான் ஆஸ்பத்திரி என்னை அனுப்பியதா என்று எனக்குள் பொருமிக்கொண்டே அடித்தேன்.

"லூப்னா என்ன சார்?" என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"திரும்பத் திரும்ப ஓடும்மா."

"எது ஓடும்?"

"புரோகிராம் கோடுதாம்மா ஓடும். புரியலேன்னா மனப்பாடம் பண்ணிக்கங்க. போகப் போகப் புரிஞ்சிரும்."

அந்த மனுஷனுக்கே அது புரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். எனக்கு அது புரிந்தது பஸ்ஸில். காலையில் ஒத்தக்கடை பஸ்ஸில் நின்றபடி பழைய கவுன்ட்டர் வேலையை நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் கூப்பிடுவேன். அட்டை இருந்தால் பழைய ஃபைலை எடுப்பேன், இல்லாவிட்டால் புது அட்டை போடுவேன், அப்புறம் அடுத்த ஆள். வரிசை முடியும்வரை அதே வேலை. லூப் என்பது அந்த வரிசை. இஃப் என்பது அட்டை இருக்கிறதா என்று நான் கேட்கும் கேள்வி. இவ்வளவுதான் விஷயம். புரிந்ததில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு சங்கதியைச் சொல்ல ஒரு மாத நட்சத்திரமா?

இரண்டு விஷயம் சமமா என்று கேட்க இரண்டு ஈக்வல் குறி போட வேண்டும் என்றும் சார் சொல்லிக் கொடுத்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வரிக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும் என்றார். அந்த வகுப்பில் சொன்னவுடன் எனக்கு விளங்கியது அது ஒன்றுதான்.

"நீங்க உள்ள படுத்திருக்கீங்கம்மா"

ஒரு திங்கட்கிழமை காலை. ஐ.டி. அறை கவுன்ட்டருக்கு அடுத்த அறைதான். ஆட்டோ ஓட்டும் சேகர் கதவைத் தட்டினார். மேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருபவர் அவர்தான்.

"எஸ்தரக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. பாண்டியம்மாவ உள்ள விட மாட்டேங்கிறாக" என்றார்.

போனேன். கவுன்ட்டருக்கு முன்னால் பாண்டியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன வியாழக்கிழமைக்கு அப்புறம் டயாலிசிஸ் நடக்கவில்லை. முகம் ஊதியிருந்தது, கால் செருப்புக்குள் அடங்கவில்லை, இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்குச் சீட்டுப் போட்டாச்சும்மா. மூணாம் நம்பர் பெட்ல படுத்திருக்கீங்கன்னு காட்டுது."

"நான் உள்ள படுத்திருந்தா இங்கன நிக்கிறது யாரு தாயி?"

"அது எனக்குத் தெரியாதும்மா. கம்ப்யூட்டர்ல ஒரு பாண்டியம்மாதான் இருக்காங்க."

பாண்டியம்மாள் புடவைத் தலைப்பை விலக்கி, இடது கையை நீட்டிக் காட்டினார். ஊசி குத்தும் இடம் புடைத்திருந்தது. புதுப் பிளாஸ்திரி எதுவும் இல்லை.

"பாரு தாயி. எனக்கு யாரு இன்னிக்கு ஊசி போட்டா?"

டயாலிசிஸ் அறைக்குள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் படுக்கையில் இன்னொரு பாண்டியம்மாள் படுத்திருந்தார். அவரும் அதே ஊர். சொந்தமில்லை, இரண்டு தெரு தள்ளி வீடு. குலசாமி பேரை வைக்கும் ஊர் அது. பாண்டி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில்தான் வருவார்கள். வயசு கேட்டால் இரண்டு பேருமே "அம்பத்தஞ்சுன்னு போட்டுக்க தாயி" என்பார்கள். இரண்டு பேரிடமும் போன் கிடையாது. சேகரின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

நேரே பிரதீப்பிடம் போனேன். அவர் சாவகாசமாகச் சொன்னார். "ஓ, அதுவா? நம்ம டேட்டாவுல டூப்ளிகேட் ரொம்ப அதிகம் மேடம். அட்டையத் தொலைச்சிட்டு வந்து மறுபடி மறுபடி புதுசாப் பதிஞ்சிருக்காங்க. சனிக்கிழமை ஒரு புரோகிராம் போட்டேன். தினமும் தானா ஓடும்."

அவர் திரையில் இருந்த புரோகிராமைப் பார்த்தேன். நெட்டிலிருந்து எடுத்து ஒட்டியது என்பது மேலே ஆங்கிலத்தில் யாரோ எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. சின்னப் புரோகிராம்தான். ஒரு லூப். ஒரு இஃப். பேர் சமம், வயசு சமம், ஊர் சமம், போன் நம்பர் சமம். நான்கும் சமமாக இருந்தால் அடுத்த வரி: டெலிட்.

நட்சத்திரமே போட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அந்த வரிகள் தமிழில் எழுதியிருந்த மாதிரி புரிந்தன. இரண்டு ஈக்வல் குறி கேட்பது இரண்டு எழுத்தும் ஒன்றா என்று மட்டும்தான். இரண்டு ஆளும் ஒன்றா என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பேக்கப் எங்க பிரதீப்? அதுல இருந்து அந்தம்மாவ எடுத்துப் போடுவோம்."

"பேக்கப் எடுக்கலை மேடம். அது டூப்ளிகேட்தானே, எதுக்கு?"

அவரை நான் அன்றைக்கு அறையவில்லை. அதற்கு என் ஞாயிற்றுக்கிழமை ஜெபங்கள்தான் காரணமாக இருக்க வேண்டும்.

"வயசை ஒண்ணு கூட்டிப் போடுங்க"

"சரி, புதுசா என்ட்ரி போடுறேன்" என்றேன்.

"போட்டாலும் நிக்காது மேடம். இன்னிக்கு மறுபடி புரோகிராம் ஓடும்போது அதையும் எடுத்துரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. அந்தம்மாவுக்கு வயசை ஒண்ணு கூட்டிப் போடுங்க. அம்பத்தாறு. இல்லேன்னா பேர்ல ஒரு எழுத்த மாத்திருங்க. ப்ராப்ளம் சால்வ்டு."

"அட்டையில, இன்சூரன்ஸ் கார்டுல எல்லாம் வேற இருக்குமே. கிளைம் போடும்போது திருப்பி அனுப்பிருவாங்களே."

"அது இன்சூரன்ஸ் டெஸ்க் பாத்துக்குவாங்க மேடம். நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."

பாண்டியம்மாள் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சேகர் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எம் பேர மாத்தச் சொல்றாகளா?" என்று என்னிடம் கேட்டார். பிரதீப்பைப் பார்க்கவே இல்லை. "எம்புட்டுத் தூரத்துல இருந்து வாரேன் தாயி. நான் ஆளாத்தான முன்னால நிக்கிறேன். நான் நிக்கிறது பத்தலையா?"

பிரதீப் போனில் யாரோ அழைத்தார்கள் என்று எழுந்து வெளியே போனார். நிஜமாக அழைத்தார்களா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். டெலிட் என்று இருந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டேன். சேவ் செய்தேன்.

பாண்டியம்மாள் மஞ்சள் பையிலிருந்து அட்டையையும் இன்சூரன்ஸ் கார்டையும் எடுத்துக் கொடுத்தார். பழைய நம்பரிலேயே அவர் விவரத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு மறுபடி அடித்தேன். வயசு ஐம்பத்தைந்து. பேர் பாண்டியம்மாள். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மதியம் ஒரு படுக்கை காலியானதும் அவரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நம்பர் பாண்டியம்மாள் ஊருக்குப் போகாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். "ஒண்ணா வந்தோம், ஒண்ணாத்தான் போவோம்" என்று சேகரிடம் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த பிரதீப், தன் அனுமதி இல்லாமல் புரோகிராமைத் தொட்டதற்கு எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அழித்ததற்கு யாருக்கும் மெமோ இல்லை. "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று மேலே சொல்லி முடித்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் மேல் பழியைப் போட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்தத் தொழிலில் நான் பார்த்த அசிங்கங்களில் முதலிடம் இதற்குத்தான்.

போனில் ஒரு குரல்

ஒரு பாண்டியம்மாள் கவுன்ட்டரில் நின்று வாதாடினார், சேகர் கதவைத் தட்டினார். அதனால் தெரிந்தது. வாதாடாமல் போனவர்கள்?

அந்தக் கேள்விக்காகத்தான் நானாக யோசித்து என் முதல் புரோகிராமை எழுதினேன். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் தனியாக ஒரு பதிவு உண்டு. அதில் இருக்கும் கார்டு நம்பர் ஒவ்வொன்றையும் எடுத்து, எங்கள் பதிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பேரைத் திரையில் போட வேண்டும். எரர் வந்தது, திருத்தினேன். மறுபடி வந்தது, மறுபடி திருத்தினேன். கடைசியில் பேர்கள் வர ஆரம்பித்தன. கருப்பாயி, சோணைமுத்து, பாண்டி, இன்னொரு பாண்டி.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். சிலர் அடுத்த வாரம்தான் வர வேண்டியவர்கள், அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. சோணைமுத்து வீட்டில் அவர் மனைவி எடுத்தார். சோணைமுத்துவும் டயாலிசிஸ் ஆள்தான்.

"திங்கக்கெழம வந்தோமுங்க. பேர் இல்லேன்னு சொன்னாக. சரின்னு திரும்பி வந்துட்டோம். ராவுல மூச்சு விட முடியாமப் போச்சு. இப்ப பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு."

"ஏம்மா, அங்கயே நின்னு கேட்டிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன்.



"கம்ப்யூட்டர்ல இல்லேன்னாகளே. நாங்கதான் என்னமோ தப்புப் பண்ணிட்டோம் போலன்னு நெனச்சோமுங்க" என்றார். அப்புறம், "இனிமே பேர் இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கும் என்று சொன்னேன். சோணைமுத்து பிழைத்து வந்தார், ஆனால் பழைய நடை திரும்பவில்லை. அந்த அம்மா ஒரு நாளும் எங்கள் மேல் கோபப்படவில்லை. அதனால் அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகக் கற்கும் பிள்ளைகளே, நட்சத்திரம் போடுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள். ஆனால் டெலிட் என்று ஒரு வரி எழுதும் நாளில், முதலில் அதை நிறுத்தி வைத்துவிட்டு, யார் யார் அழியப் போகிறார்கள் என்று பேரைத் திரையில் போடுங்கள். ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகம் வந்தால் எழுந்து கவுன்ட்டருக்குப் போங்கள். அங்கே நிற்பவர், நீங்கள் அழித்துவிட்டதைத் தன் தப்பு என்று நினைத்து, உங்களிடமே மன்னிப்புக் கேட்பார். அதைக் கேட்டுவிட்டு வந்து தூங்க முடிகிறதா என்று பாருங்கள்.