தாஷ்துக்கில் நான்கு நிமிஷம்

டெஹ்ரான் ரயில்வே அலுவலகத்தில் இஸ்ஃபந்தியார் நகீபிக்கு 'நிமிஷக் கஞ்சன்' என்று பெயர். கால அட்டவணை போடுகிறவர். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஊர்க்காரர்கள், தங்கள் ஊரிலும் ரயில் நிற்கட்டும் என்று மனுவோடு வந்தார்கள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, ஒரே கணக்கைச் சொல்லி அனுப்பினார். வேகம் குறைய, நிற்க, மறுபடி வேகம் பிடிக்க ஏழு நிமிஷம். வண்டியில் நானூறு பேர். ஆக, ஒரு நிறுத்தத்துக்கு மனித ஆயுளில் ஏறக்குறைய இரண்டு நாள் போச்சு. இத்தனைக்கும் மனுஷர் எந்தக் கல்யாணத்துக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில் தாஷ்துக் என்ற சிற்றூரிலிருந்து தூபா என்ற பெண் வந்தாள். அவள் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் யஸ்த் நகர ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் மூன்று மணி நேரம், வழியெல்லாம் வாந்தி. மாலை ரயிலோ அவர்கள் ஊர் ஸ்டேஷனில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

நகீபி கணக்கைச் சொன்னார்.

"இத்தனை வருஷமா மிச்சம் பிடிச்சீங்களே ஐயா, அந்த நாளெல்லாம் யாருகிட்ட இருக்கு? ஒரு ஆளைக் காட்டுங்க. எங்க வீட்டுக்காரருக்கு நாலு நாள் கேட்டு வாங்கிக்கிறேன்."

நகீபி அட்டவணையைப் புரட்டினார். அந்த வண்டி மாலைத் தொழுகைக்காக அடுத்த பெரிய ஸ்டேஷனில் எப்படியும் இருபது நிமிஷம் நிற்கும். பொழுது சீக்கிரம் சாயும் குளிர்காலத்துக்கு மட்டும் அதைத் தாஷ்துக்குக்கு நகர்த்தினால் ஒரு நிமிஷமும் கூடுதலாகாது. தொழுகைக்கு எதிராக எந்த மேலதிகாரி வாய் திறப்பார்?

"ஆனா வசந்தத்துல நவ்ரூஸ் புத்தாண்டு வரைக்கும்தாம்மா. அப்புறம் பொழுது சாய நேரமாகும். தொழுகை அடுத்த ஸ்டேஷனுக்கே போயிடும்."

"அவரு நவ்ரூஸைத் தாண்டிட்டா?"

நகீபி தொழுகை நிறுத்தத்தைத் தாஷ்துக்குக்கு மாற்றி எழுதினார்.

தூபாவின் கணவர் நவ்ரூஸைத் தாண்டிவிட்டார். வசந்தத்தில் சூரியன் தாஷ்துக்கைக் கைவிட்டது. தாஷ்துக்கில் தனி நிறுத்தம் கேட்டு நகீபி தாமே மனு எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார்.

"ரெண்டு நாள் போகுமே நகீபி? உங்க கணக்குதானே?"

"கணக்கு சரிதான் ஐயா. ஆனா அந்த நானூறு பேருக்கும் ஆளுக்கு ஏழு நிமிஷம்தான் போகுது. ரெண்டு நாளை மொத்தமா இழக்கிறவன் அந்த வண்டியில யாரும் இல்லை."

"இதைக் கண்டுபிடிக்க இருபத்தாறு வருஷமா?"

"ஆமா ஐயா."

மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். "ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல நிக்கக் கூடாது."

முதல் மாலை வண்டி நின்றதும், குளிர்காலப் பழக்கத்தில் சிலர் தொழ இறங்கி, இன்னும் சாயாத சூரியனைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்களாம்.

மறுநாள் காலை ரயில் கார்டின் அறிக்கை நகீபியின் மேஜைக்கு வந்தது: 'தாஷ்துக். இரண்டுக்குப் பதில் நான்கு நிமிஷம். காரணம்: ஒரு பயணி இறங்கியது.'

விளக்கம் கேட்கும் தாளை எடுத்தார். வைத்துவிட்டார். அட்டவணையில் இரண்டை அடித்து நான்கு என்று எழுதினார்.