மூன்றாவது சினை ஊசி

போன வாரம் எடப்புளி நாடு என்கிற மலைக்கிராமத்தில், ஒரு பசுவுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நின்றிருந்தேன். முகம் சுளிக்காதீர்கள்... கால்நடை டாக்டரின் பத்தியில் வேறென்ன வரும்?

கயிற்றைப் பிடித்திருந்த பொன்னாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், முதல் இரண்டு முறை செய்தும் அவர் பசு சினை பிடிக்கவில்லை. மூன்றாவதும் தவறினால் அடிமாடாக விற்றுவிடுவது என்று அவர் கணவர் முடிவு செய்திருந்தார். இரண்டு முறையும் பழியைப் பசுவின் மேல் போட்டவள் நான்.

உண்மையில் தப்பு யாருடையது? என்னுடையதுதான். முன்பு நான் வேலை பார்த்தது சமவெளியில். உறைந்த விந்துக் குழலை ஆஸ்பத்திரியிலேயே வெந்நீரில் இளக்கி, ஸ்கூட்டரில் ஐந்தே நிமிடத்தில் மாட்டிடம் போய்விடுவேன். இங்கே ரோடு முடிந்த பிறகு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். நானோ அதே பழக்கத்தில், இளக்கிய குழலைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு மலையேறினேன் — என்ன ஒரு அக்கறை!

இரண்டாவது முறையும் தோற்றபோது சந்தேகம் வந்தது. இளக்கிய துளி ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒரே நீச்சல்! முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் அசையவே இல்லை.

ஒவ்வொரு விந்தணுவிலும் கழுத்தை அடுத்த நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியா சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். வால் துடிக்கத் தேவையான சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. உறைந்திருக்கும்வரை அந்த அடுப்பு எரியாது. இளகியதும் பற்றிக்கொள்ளும்; கையிருப்பும் கரையத் தொடங்கும். பாவம், என் பைக்குள்ளேயே ஓடி ஓடிக் களைத்திருக்கின்றன.

பொன்னாயியிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இனி குழலைத் திரவ நைட்ரஜன் கேனில் உறைந்தபடியே மலைக்குக் கொண்டுவந்து, இங்கேயே வெந்நீரில் இளக்க வேண்டும் என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"அதுக்கென்னங்க டாக்டரம்மா, எங்கூட்ல இல்லாத சுடுதண்ணியா? அந்தக் கேன நான் தூக்கியாரனுங்க."

மூன்றாவது முறை, நைட்ரஜன் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்; தெர்மாமீட்டருடன் நான் பின்னால் மூச்சு வாங்கினேன். அவர் அடுப்பில் வைத்த வெந்நீரை உடம்புச் சூட்டுக்கு விளாவி, பசுவின் பக்கத்திலேயே குழலை இளக்கினோம்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. முடியாதவர்கள் என்று நாம் ஒதுக்குகிற எத்தனை பேர், உண்மையில் வழியிலேயே களைத்துப்போனவர்களோ?

போன வாரம் என் விரல்களுக்குக் கன்று தட்டுப்பட்டது. சினைதான் என்றேன். பொன்னாயி என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துப் பசுவின் கழுத்தைத் தடவினார்.

"தப்பிச்சிட்ட சாமி."

நானும்தான்!