ஐஸ் பெட்டியில் ஏழாவது பாட்டில்

இதை நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் சந்தோஷம், நீங்களாவது நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கே நடந்தது இது.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை எனக்கு. எங்கே தண்ணீர் எடுப்பது, என்னென்ன சோதிப்பது, வந்த எண்களை எதோடு ஒப்பிடுவது என்று திட்டம் போடுவேன். போய் எடுத்து வருவது என் அண்ணன். "திட்டம் போடுறது மேடம், நனையுறது நான்" என்று கிண்டலடிப்பான். அன்றைக்கு நீர்த்தேக்கத்தில் ஆறு இடம், ஆறு பாட்டில்.

மாலை நாலரைக்கு டீ குடித்துவிட்டு வந்தேன். மேஜைமேல் ஐஸ் பெட்டி இருந்தது. அண்ணனைக் காணோம். திறந்து பார்த்தேன். ஏழு பாட்டில்.

ஏழாவதில் லேபிள் இல்லை. மற்றதெல்லாம் சில்லென்று இருக்க, அது மட்டும் கதகதவென்று இருந்தது. தெர்மாமீட்டரை விட்டேன். 37 டிகிரி செல்சியஸ்.

அண்ணி போன் செய்தாள்.

"உங்கண்ணன் போனே எடுக்கல. பயமா இருக்கு."

"பெட்டி வந்துடுச்சு அண்ணி. எங்கயாவது அரட்டை அடிச்சிட்டிருப்பான்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நானும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பாட்டிலை ஐஸுக்குள் புதைத்தேன். ஐந்தரைக்குப் பார்த்தால் 34. ஒரு மணி நேரம் ஐஸில் கிடந்த தண்ணீர்! எண் ஒத்துவராவிட்டால் நாங்கள் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவோம். உட்கார்ந்து தெர்மாமீட்டரைச் சரிபார்த்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

அப்போது பெட்டிக்குள் சத்தம்.

டகடகடக...

குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி.

திறந்தேன். அந்தப் பாட்டில் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

33...

32...

ஆறேகாலுக்குச் சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது. நீர்த்தேக்கக் காவலாளியைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் கிளம்பிட்டானா?"

"வண்டி கரையிலதாம்மா நிக்குது. ஆளைக் காணோம்."

"பெட்டி...?"

"அதுவும் வண்டியிலயே கட்டியிருக்கு."

திரும்பினேன்.

மேஜைமேல் ஒன்றும் இல்லை.

ஏழு மணிக்கு, நீர்த்தேக்கத்தில் தண்ணீர் திறந்துவிடும் மதகுக் கிணற்றிலிருந்து அண்ணனைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "விழுந்ததும் உயிர் போகலம்மா. கிணத்து ஏணியைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்திருக்காரு. உடம்பு கொஞ்சம் கொஞ்சமா குளிரும். அப்புறம் கிடுகிடுன்னு நடுங்கும். அந்த நடுக்கம் நிக்கிறதுக்குள்ள யாராவது போயிருந்தா... பொழச்சிருப்பாரு."