பட்டப்பெயரையும் வாசிக்கவும்

1. மிச்சம் இருந்த டீசல்

கரீபியனில் ஒரு சின்னத் தீவின் வானொலி நிலையத்தில் நான் ட்ரான்ஸ்மிற்றர் டெக்னீசியனாக இருந்தேன். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொன்னில் பிறந்தவனுக்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. கடல், படகு, மத்தியானச் செய்திக்குப் பிறகு மரண அறிவித்தல். அங்கும் இறந்தவரின் பெயர், உறவுகளின் பெயர் என்று அறிவித்தல் நீண்டுகொண்டே போகும். கட்டாயம் பட்டப்பெயரும் வாசிப்பார்கள். பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவுப் புத்தகத்தில் மட்டும் கிடக்கும்.

ஒரு புயலில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எல்லாம் சாய்ந்தன. வானொலி மட்டும் ஜெனரேற்றரில் ஓடியது. பாதை அடைபட்டு அறிவிப்பாளர் வரவில்லை, நானே மைக்கின் முன் உட்கார்ந்தேன். மனேஜர் அந்தத் தீவு இங்கிலிஷில் கத்தினார். நம் பேச்சில் சொன்னால், "டீசல் முடியப்போகுது. சுருக்கி வாசியும்!"

சுருக்கினேன். ஜோசப் என்ற மீனவரின் அறிவித்தலில் உறவுகளையும் பட்டப்பெயரையும் பேனையால் வெட்டினேன். பட்டப்பெயர் அந்த நேரத்தில் எனக்கு வெறும் பகிடியாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள், பக்கத்துத் தீவிலிருந்து ஜோசப்பின் அக்கா நிலையத்துக்கு வந்தார். அடக்கம் முடிந்துவிட்டிருந்தது.

"நீர் வாசிக்கேக்கை நான் றேடியோவுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான். ஆரோ ஒரு ஜோசப் எண்டு நினைச்சன். பின்னேரப் படகு என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் வெளிக்கிட்டது."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

2. பப்படம்

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பக்கத்து ஊரான வேலணையில் ஒரு சின்னச் சமூக வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறேன். போன மாதம் ஒருவர் தகப்பனின் அறிவித்தலைக் கொண்டுவந்தார். அவருக்குக் கொழும்பில் பெரிய உத்தியோகம். தகப்பன் சிவலிங்கம் மாட்டு வியாபாரத்துக்காக நெடுந்தீவு போய்வந்தவர். அங்கே அவரைப் 'பப்படம்' என்றுதான் தெரியும். தாளில் அது இல்லை.

"பட்டப்பெயரையும் போடுவம், தம்பி."

"வேண்டாம் ஐயா. ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கிறவைதான் வருவினம்."

அவருக்கு முகம் கடுத்தது. நான் ஜோசப்பின் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னிடம் பேனையை வாங்கி, தானே அந்தப் பெயரை எழுதித் தந்தார்.

மறுநாள் செத்தவீட்டுக்கு நானும் போனேன். பிரேதம் எடுக்கிற நேரம் நெடுந்தீவுக் கிழவர் ஒருவர் இளைக்க இளைக்க வாசல் படலைக்குள் வந்தார்.

"றேடியோவிலை சிவலிங்கம் எண்டேக்கை எனக்கு விளங்கேல்லை. பப்படம் எண்டோடனைதான் சேட்டை உடம்பிலை கொழுவிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினனான்."

யாரும் சிரிக்கவில்லை. சிவலிங்கத்தின் மகன் கிழவரின் கையைப் பிடித்துப் பிரேதத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

புதிதாக மைக்கின் முன் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டீசல் குறைந்தால் பாட்டை வெட்டுங்கள், விளம்பரத்தை வெட்டுங்கள். ஊர் கூப்பிட்ட பெயரில் கை வைக்காதீர்கள். ஜோசப்பை அந்தத் தீவில் எல்லாரும் நண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு வாசித்திருக்க வேண்டியதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.